தீவனம் நறுக்கும் யந்திரத்தின் கத்தி: பேணும் முறையும் மாற்றும் முறையும்

நம் சங்கங்களின் அங்கத்தினர் பலருடைய வீடுகளில் கறவை மாடு ஒன்றாவது உண்டு. நிலம் உடையவர் மட்டுமன்றி, தறியையே நம்பி வாழும் நெசவாளரும் பாவு கிடைக்காத நாட்களில் வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பது பால் பணமே என்று சொல்லக் கேட்கிறோம். மாடு இருந்தால் தீவனம் வேண்டும். சோளத்தட்டையும் கம்பு நேப்பியர்ப் புல்லும் முழுதாகப் போடப்பட்டால், மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் பாழாக்கும். அவற்றையே இரண்டு, மூன்று சென்டிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கிப் போட்டால் தண்டும் உணவாகும். இந்த நன்மையைக் கண்டே கையால் சுற்றும் கருவிக்குப் பதிலாக மின்சாரத்தால் ஓடும் யந்திரத்தைப் பலர் வாங்கியிருக்கின்றனர். 2 குதிரைச் சக்தி மோட்டார் பூட்டிய சிறு யந்திரம் ஒன்று ஒரு வீட்டுக்குப் போதும். சில சங்கங்கள் பொது யந்திரம் ஒன்றை வாங்கி, மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகின்றன.

யந்திரம் வாங்கும்போது விலையைப் பற்றியும், கடனைப் பற்றியும், மானியத்தைப் பற்றியும் நெடுநேரம் பேசுகிறோம். அதன் கத்தியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் கணக்குப் புத்தகங்களைப் பார்த்து முடித்தபின், சங்கத்தின் யந்திரத்தையும் பார்ப்பது நமது வழக்கம். பல இடங்களில் கத்தி மழுங்கியிருக்கும், போல்ட்டுகள் துருவேறியிருக்கும், சக்கரத்தின் மூடி கழற்றப்பட்டுச் சுவரோரமாகச் சாய்ந்திருக்கும். மாற்றுக் கத்தி எங்கே என்று கேட்டால், அது அலமாரியில் பத்திரமாக இருக்கிறதென்றும், சாவி தலைவரிடம் இருக்கிறதென்றும் விடை வரும். கத்தியைப் பேணுவது ஒரு வேலை, அதற்கென ஒரு முறை உண்டு என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் வேரூன்றவில்லை. ஆகையால் இம்மாதப் பாடத்திற்கு இப்பொருளையே எடுத்துக்கொள்கிறோம்.

1. யந்திரத்தின் முக்கிய உறுப்புகள்

கத்தரிக்கோலுக்கு இரண்டு அலகுகள் இருப்பதை நாம் அறிவோம். தீவன யந்திரமும் ஒருவகைக் கத்தரிக்கோலே. அதன் ஓர் அலகு சுற்றுகிறது. மற்றோர் அலகு அசையாமல் நிற்கிறது. சுற்றும் அலகு என்பது கனத்த இரும்புச் சக்கரத்தில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட கத்தி. பெரும்பாலும் இரண்டு கத்திகள் எதிரெதிராக இருக்கும். சில யந்திரங்களில் மூன்று இருப்பதும் உண்டு. அசையாத அலகு என்பது தீவனம் வெளிவரும் வாயின் விளிம்பில் உள்ள எஃகுத் தகடு. இதனை விளிம்புத் தகடு என்று இப்பாடத்தில் குறிப்போம்.

வாய்க்குச் சற்று உள்ளே மேலும் கீழுமாக இரண்டு பல் உருளைகள் உள்ளன. தொட்டியில் நாம் வைக்கும் தட்டையை இவை கவ்வி இழுத்துக் கத்திக்குக் கொடுக்கின்றன. உருளைகளை முன்னே ஓட்டவும், நிறுத்தவும், பின்னே ஓட்டவும் பல யந்திரங்களில் ஒரு நெம்புகோல் உண்டு. மோட்டாரிலிருந்து சக்கரத்திற்கு வி பெல்ட் வழியாக வேகம் செல்கிறது. சக்கரத்தையும் பெல்ட்டையும் மறைக்கும் இரும்பு மூடிகளும் யந்திரத்தின் உறுப்புகளே. அவற்றை அழகுக்கு வைத்ததாக எண்ணிக் கழற்றிவிடுவது தவறு.

2. வேகத்தின் கணக்கு

யந்திரத்தின் தன்மையை உணர ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கரம் நிமிஷத்திற்கு 600 சுற்றுச் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கத்திகள் இருப்பின், நிமிஷத்திற்கு 1,200 வெட்டு. அதாவது விநாடிக்கு 20 வெட்டு. துண்டின் நீளம் ஒரு சென்டிமீட்டர் என்றால், உருளைகள் விநாடிக்கு 20 சென்டிமீட்டர் தீவனத்தை உள்ளே இழுக்க வேண்டும். தட்டையில் சிக்கிய கையொன்று உருளையிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், அது உருளையை அடைய ஒன்றரை விநாடி போதும். கூச்சலிடவும், அடுத்தவர் திரும்பிப் பார்க்கவும், ஸ்விட்சை அணைக்க ஓடவும் அந்த நேரம் போதாது.

இனிச் சக்கரத்தைப் பார்ப்போம். கத்தி மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால், 600 சுற்று வேகத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 68 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. 18 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு மாடி உயரத்திலிருந்து, விழும் கல் தரையைத் தொடும்போது பெறும் வேகமும் அதுவே. கனத்த சக்கரம் முழுவதும் இந்தச் சக்தியைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தியதும் அந்தச் சக்தி மறைந்துவிடுவதில்லை. ஸ்விட்சை அணைத்த பின்னரும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். மோட்டாரின் ஓசை அடங்கிவிடுகிறது. ஆனால் கத்தி ஓடுகிறது. ஓசை அடங்கியதை நிறுத்தம் என்று கருதுவதே பெரும் பிழை.

ஒவ்வொருவரும் தம் யந்திரத்தை வெறுமையாக ஓட்டி, ஸ்விட்சை அணைத்து, சக்கரம் முற்றிலும் நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். அந்த எண்ணை மூடியின்மேல் பெயிண்டால் பெரிதாக எழுதிவைத்தால், யந்திரத்தைத் தொடும் அனைவருக்கும் அது ஓர் எச்சரிக்கையாக இருக்கும்.

3. மழுங்கிய கத்தியே அதிக அபாயம்

கூரிய கத்திதான் அபாயகரமானது என்று பலர் எண்ணுகின்றனர். சாணை பிடிப்பதைத் தள்ளிப்போடுவதற்கு இதை ஒரு காரணமாகவும் சொல்கின்றனர். உண்மை இதற்கு மாறானது. கூரிய கத்தி தட்டையை ஒரே வெட்டில் துண்டாக்கும்; தீவனம் தடையின்றி ஓடும்; கைக்கு அங்கே வேலையே இராது. கத்தி மழுங்கினால் தண்டு அறுபடாமல் நசுங்கி மடிகிறது, நார் நாராகக் கிழிந்து கத்திக்கும் தகட்டிற்கும் இடையில் சுற்றிக்கொள்கிறது, வாய் அடைத்துக்கொள்கிறது. அப்பொழுதுதான் மனிதன் கையை நீட்டுகிறான்.

இதைப் பற்றிக் கொங்கு நாட்டுச் சங்கம் ஒன்றில் நாம் பேசிக்கொண்டிருந்தபோது வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர், "ஏனுங்க, நாங்க கத்தியிலயா கை வெக்கறோம்? வாயில சிக்குன தட்டைத்தானுங்களே எடுக்கறோம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு நாம் சொன்ன விடை இதுதான்: வாயில் சிக்கிய தட்டையை உருளையின் பற்கள் விடவில்லை, அவை நிற்கும்வரை அத்தட்டை உருளைக்குச் சொந்தம். அதைப் பிடிப்பவர் கையும் அவ்வாறே.

கத்தியைக் கவனிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதற்கு யந்திரமே அடையாளம் காட்டும். துண்டுகளின் முனை நேராக இல்லாமல் நார் நாராகப் பிரிந்திருக்கும். இலைகள் வெட்டுப்படாமல் நீளமாக விழும். மோட்டார் முனகும், பெல்ட் வழுக்கி ரப்பர் தீயும் வாசனை வரும். முன்பு எளிதாக ஓடிய அதே தட்டைக்கு இப்பொழுது அடிக்கடி வாய் அடைக்கும். இவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலே அன்றைக்கே கத்தியைப் பார்க்க வேண்டும். "இந்தக் கட்டை மட்டும் முடித்துவிட்டு" என்று தள்ளிப்போடுவது கூடாது.

இதற்கிடையில் வாய் அடைத்துக்கொண்டால், நெம்புகோலைப் பின்னோட்டத்தில் போட்டுத் தட்டையை வெளியே வரச்செய்ய வேண்டும். அதனாலும் வராவிட்டால் யந்திரத்தை நிறுத்தி, கீழே கூறும் மூன்று நிறுத்தங்களையும் செய்த பின்னரே கையை உள்ளே விட வேண்டும். தொட்டியில் கடைசியாக எஞ்சும் சிறு துண்டுகளைக் கையால் தள்ளாமல், அடுத்த கட்டுத் தட்டையை வைத்து அதனால் தள்ளுவது நலம். உருளையிலிருந்து ஒரு முழத்திற்குள் கை செல்லலாகாது என்பதை எல்லையாகக் கொள்ளலாம். தொட்டியின் பக்கத்தில் அந்த இடத்தில் சிவப்புக் கோடு ஒன்று போட்டுவைப்பது மேலும் நல்லது.

4. மூன்று நிறுத்தங்கள்

கத்தியைத் தொடுமுன் மூன்றையும் நிறுத்த வேண்டும்: மின்சாரத்தை, சக்கரத்தை, மனிதரை. இம்மூன்றில் இரண்டைச் செய்து ஒன்றை விட்டாலும் செய்ததன் பயன் போய்விடும்.

முதலாவது மின்சாரம். ஸ்விட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும். நேரடியாக இணைக்கப்பட்ட யந்திரமாயின் மெயினை அணைத்து ப்யூஸ் கட்டையைக் கழற்றி, வேலை செய்பவர் தம் சட்டைப் பையிலோ மடியிலோ வைத்துக்கொள்ள வேண்டும். மின்தடை ஏற்பட்டிருக்கும் நேரத்தில் இது இன்னும் அவசியம். கரண்ட் இல்லையே என்று கையை உள்ளே விடுவோர், அது எந்த விநாடியும் திரும்பி வரலாம் என்பதை மறந்துவிடுகின்றனர். கரண்ட் போனதும் முதலில் அணைக்க வேண்டியது ஸ்விட்ச்.

இரண்டாவது சக்கரம். அது தானே முற்றிலும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கட்டையை அழுத்தியோ கோணியைப் போட்டோ நிறுத்த முயலக் கூடாது. நின்ற பின்னும் சக்கரம் உறங்கிவிட்டதாக எண்ணலாகாது. ஒரு கத்தியைக் கழற்றியதும் சக்கரத்தின் ஒரு பக்கம் இலேசாகி, கனத்த பக்கம் கீழ்நோக்கித் தானே திரும்பும். எஞ்சியுள்ள மற்றொரு கத்தி அப்பொழுது கீழே வரும். கத்தி மாற்றுவோருக்கு ஏற்படும் காயங்களுக்கு இது ஒரு முக்கிய காரணம். ஆகையால் சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே உறுதியான மரக்கட்டை ஒன்றைச் செருகி, சட்டத்தோடு முட்டும்படி வைத்து அசையாது பூட்ட வேண்டும். பூட்டும் ஆணிக்கென யந்திரத்திலேயே துளை இருப்பின் அதைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது மனிதர். வேலை நடக்கிறது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் சொல்ல வேண்டும். "யந்திரத்தில் கை இருக்கிறது, தொடாதே" என்று எழுதிய அட்டை ஒன்றை ஸ்விட்சின்மேல் தொங்கவிட வேண்டும். குழந்தைகளை அவ்விடத்திலிருந்து அகற்ற வேண்டும். யந்திரம் ஓடாதபோதும் சக்கரத்தைச் சுற்றி விளையாடுவது சிறுவர்க்கு இன்பமாகத் தோன்றும். எனவே வேலை முடிந்ததும் சக்கரத்தைக் கட்டையாலோ சங்கிலியாலோ பூட்டிவைப்பது அன்றாட வழக்கமாக வேண்டும்.

5. கத்தியைக் கழற்றும் முறை

பகல் வெளிச்சத்தில், சமதரையில், அவசரமில்லாத நேரத்தில் இவ்வேலையைச் செய்ய வேண்டும். பால் கறக்கும் நேரம் நெருங்கும்போது தொடங்கக் கூடாது. கத்தியைக் கையாளத் தடித்த தோல் கையுறை அணிய வேண்டும். ஆனால் ஓடும் யந்திரத்திற்குத் தீவனம் கொடுக்கும்போது கையுறை அணியலாகாது; உருளையின் பல் கையுறையைக் கவ்வினால் கையையும் சேர்த்து இழுக்கும். நின்ற யந்திரத்திற்குக் கையுறை. ஓடும் யந்திரத்திற்கு வெறுங்கை. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். தொங்கும் துண்டு, சேலை முந்தானை, தளர்ந்த கூந்தல், கண்ணாடி வளையல் ஆகியவை யந்திரத்தின் அருகில் எப்பொழுதுமே ஆகா.

முதலில் கத்திகளையும் சக்கரத்தில் அவை இருக்கும் இடங்களையும் 1, 2 என்று பெயிண்டால் குறிக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதனதன் இடத்திலேயே பூட்ட இது உதவும். அடுத்து, பழைய ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றை நீளவாட்டில் பிளந்து கத்தியின் கூர்முனைமேல் மாட்ட வேண்டும். ஸ்பானர் நழுவினாலும் கை கத்தியில் மோதாமல் இது காக்கும்.

துருவேறிய போல்ட்டுக்கு மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ விட்டுச் சற்று நேரம் ஊறவிட வேண்டும். அளவு சரியாகப் பொருந்தும் வளைய ஸ்பானரைப் பயன்படுத்த வேண்டும். தேய்ந்த வாய் ஸ்பானரும் கொறடும் போல்ட்டின் தலையை உருட்டிவிடும். கையையும் நழுவச் செய்யும். ஸ்பானரைப் பிடிக்கும் முன், "இது இப்பொழுது நழுவினால் என் கை எங்கே போகும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கத்தியின் பக்கம் போகுமானால், நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லாப் போல்ட்டுகளையும் சிறிது சிறிதாகத் தளர்த்தி, கடைசிப் போல்ட்டைக் கழற்றும்போது மற்றொரு கையால் கத்தியின் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கழற்றிய கத்தியைப் புல்லின்மேலோ தரையிலோ போடாமல் பெட்டியிலோ பலகைமேலோ வைக்க வேண்டும். முதற் கத்தியை எடுத்தபின், கட்டை இன்னும் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே இரண்டாவதைத் தொட வேண்டும்.

6. சாணை பிடித்தலும் மாற்ற வேண்டிய நிலையும்

கத்தியின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருப்பதைக் காணலாம். சரிவான பக்கத்தை மட்டுமே தீட்ட வேண்டும். தட்டைப் பக்கத்தைத் தேய்த்தால் விளிம்புத் தகட்டோடு அது பொருந்தாமல் போகும். சரிவின் கோணம் பழையபடியே இருக்க வேண்டும். அதிகக் கூர்மைக்காக மெல்லியதாக்கினால் முனை விரைவில் உடையும். மின் சாணையில் பிடிக்கும்போது கண்ணாடி அணிந்து, சிறிது நேரத்திற்கு ஒருமுறை கத்தியைத் தண்ணீரில் தோய்க்க வேண்டும். முனை நீல நிறமாக மாறினால் எஃகு தன் பதத்தை இழந்துவிட்டது என்று பொருள். அக்கத்தி இனிக் கூர்மையைத் தாங்காது. இறுதியாக எண்ணெய்க் கல்லால் பிசிறை நீக்க வேண்டும்.

இரண்டு கத்திகளையும் ஒருசேரத் தீட்ட வேண்டும். தீட்டி முடித்ததும் சங்கத்துத் தராசில் இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். எடையில் 50 கிராம் வித்தியாசம் இருந்தால், நாம் முன்பு கூறிய வேகத்தில் அது சக்கரத்தை ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமமான விசையால் ஒருபுறமாக இழுக்கும். அந்த இழுப்பு விநாடிக்கு 10 தடவை திசை சுற்றும். யந்திரம் அதிர்வதும், போல்ட்டுகள் தளர்வதும், பேரிங் கெடுவதும் இதனாலேயே நிகழ்கின்றன. கனத்த கத்தியின் முதுகுப் பக்கத்தைத் தேய்த்து எடையைச் சமப்படுத்தலாம். புதுக் கத்தி மாற்றுவதாயினும் ஒன்றை மட்டும் மாற்றாமல் இணையாகவே மாற்ற வேண்டும்.

எந்தக் கத்தியைத் தீட்டாமல் ஒதுக்க வேண்டும்? மயிரிழை போன்ற வெடிப்பு எங்கு தென்பட்டாலும், குறிப்பாகப் போல்ட் துளையின் ஓரத்தில் தென்பட்டால், அதை மீண்டும் பூட்டவே கூடாது. துளைகள் நீண்டு தேய்ந்திருந்தாலும், கத்தி வளைந்திருந்தாலும், முனை பெரிதாக உடைந்திருந்தாலும், மேலும் நகர்த்திப் பூட்ட இடமில்லாதபடி அகலம் குறைந்துவிட்டாலும் அதன் ஆயுள் முடிந்தது. உடைந்த கத்தியை வெல்டிங் வைத்து ஒட்டிப் பயன்படுத்துவது சிக்கனம் அன்று. அத்துண்டு மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் அதன் எதிரே நிற்பவர் யாராகவும் இருக்கலாம்.

7. திரும்பப் பூட்டுதலும் இடைவெளியும்

கத்தி அமரும் இடத்தைக் கம்பித் தூரிகையால் துடைத்து, மண்ணும் துருவும் இல்லாமல் செய்ய வேண்டும். போல்ட்டுகள் யந்திரத்தைச் செய்தவர் கொடுத்த வகையினவாகவே இருக்க வேண்டும். உயர் பலமுள்ள போல்ட்டின் தலையில் 8.8 போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண் எதுவுமில்லாத கடைச் சரக்கை அதற்குப் பதிலாகப் போடுவது, பாவில் நைந்த நூலைச் சேர்ப்பது போன்றது. இழுப்பு வரும்போது அதுவே முதலில் அறும். மரை தேய்ந்த போல்ட்டையும், விறைப்பு இழந்த சுருள் வாஷரையும் புதிதாக மாற்ற வேண்டும்.

போல்ட்டுகளைக் கையால் முடுக்கி, கத்தியை விளிம்புத் தகட்டின் எதிரே கொண்டுவந்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். இதற்கெனச் சிறு திருகுகள் கத்தியின் பின்னால் இருக்கும். எவ்வளவு இடைவெளி என்பதை யந்திரத்தோடு வந்த புத்தகம் கூறும். கத்தி தகட்டில் உரசவும் கூடாது. விலகி நிற்கவும் கூடாது. பின்பு போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஸ்பானரைச் சுத்தியால் அடித்து முடுக்கக் கூடாது.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ப்யூஸ் கட்டை இன்னும் மடியில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, பூட்டுக் கட்டையை எடுத்து, கத்தியைத் தொடாமல் பெல்ட் ஓடும் கப்பியைப் பிடித்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும். செய்தித்தாளின் நீண்ட துண்டு ஒன்றைக் கொறடால் பிடித்து விளிம்பில் காட்டினால், கத்தி அதைக் கத்தரிப்பது போல வெட்ட வேண்டும். விளிம்பின் இரு கோடிகளிலும் நடுவிலும் ஒரே மாதிரி வெட்டினால் பொருத்தம் சரி. ஒரு பக்கம் மடித்துவிட்டு மறுபக்கம் வெட்டினால், மடிக்கும் பக்கத்தில் இடைவெளி அதிகம். இரு கத்திகளையும் இவ்வாறே சோதிக்க வேண்டும். சோதிக்கும்போது சக்கரத்தைச் சுற்றுபவரும் தாளைப் பிடிப்பவரும் ஒருவராகவே இருப்பது நலம்.

8. முதல் ஓட்டம்

மூடிகளை அவற்றின் இடத்தில் பூட்ட வேண்டும். எடுத்துவந்த ஸ்பானர், கொறடு, கட்டை ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடிக் கண்ட பின்னரே மேற்செல்ல வேண்டும். சக்கரம் சுற்றும் நேர்க்கோட்டில் யாரும் நில்லாதபடி செய்து, தீவனம் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓட்ட வேண்டும். உரசும் ஓசையோ அதிர்ச்சியோ இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். நன்கு ஓடினால் அரை மணி நேரம் வேலை செய்தபின் மீண்டும் மூன்று நிறுத்தங்களையும் செய்து போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூட்டிய போல்ட் முதல் ஓட்டத்தில் சற்றுத் தளர்வது இயல்பு.

தீவனத்தைக் கொடுக்குமுன் கட்டுக்கம்பி, கல், ஆணி இருக்கிறதா என்று உதறிப் பார்க்க வேண்டும். நன்றாகத் தீட்டிய கத்தியை ஒரு கம்பித் துண்டு ஒரு விநாடியில் பாழாக்கிவிடும்.

9. சங்கம் செய்யத்தக்கவை

பொது யந்திரம் வைத்திருக்கும் சங்கங்கள் மூன்று ஏற்பாடுகளைச் செய்யலாம்.

முதலாவது, கத்திக்குப் பொறுப்பாக ஒருவரை நிர்வாகக் குழுத் தீர்மானத்தால் நியமித்தல். எல்லோருக்கும் பொதுவான வேலை எவராலும் செய்யப்படுவதில்லை. மாற்றுக் கத்தி இணை, போல்ட்டுகள், ஸ்பானர், கையுறை, எச்சரிக்கை அட்டை ஆகியவை ஒரே பெட்டியில் அவர் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு பதிவேடு. தேதி, ஓடிய மணி, தீட்டிய அல்லது மாற்றிய விவரம், போல்ட் சோதனை, கையொப்பம் என ஐந்து பத்திகள் போதும். சில மாதங்கள் ஒழுங்காக எழுதிவந்தால், நம் ஊர்த் தட்டைக்கு எத்தனை மணி நேரத்திற்கு ஒருமுறை சாணை வேண்டும் என்பது தானே விளங்கும். பிறகு யந்திரம் முனகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கத்தி நிதி. வாடகையில் மணிக்கு 5 ரூபாய் ஒதுக்கினால் 100 மணி ஓட்டத்தில் 500 ரூபாய் சேரும். கத்தி வாங்கும் நேரத்தில் பணத்திற்குத் தலைவரையும் காரியதரிசியையும் தேடி அலைய நேராது. பணமில்லை என்பதற்காக மழுங்கிய கத்தியோடு யந்திரத்தை வாடகைக்கு விடும் சங்கம், தன் அங்கத்தினருக்கு அபாயத்தை வாடகைக்கு விடுகிறது.

கதிரடிக்கும் யந்திரங்களில் கைகள் போவதைத் தடுக்கவே 1983-ஆம் ஆண்டில் ஆபத்தான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் நம் வீட்டுக் கொட்டகையில் ஒவ்வொரு மாலையும் சட்டம் வந்து நிற்காது. அங்கே நிற்பவர்கள் நம் மனைவியரும், தாய்மாரும், பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுமே. தீவனம் போடும் வேலை பெரும்பாலும் அவர்களுடையது. ஆனால் யந்திரத்தைப் பற்றிய பாடம் அவர்களை எட்டுவதில்லை. ஆகையால் இந்த வகுப்பை நடத்தும் சங்கங்கள் பெண்களையும் அழைத்து, யந்திரத்தின் அருகிலேயே வைத்து நடத்த வேண்டுகிறோம். சிறுவர் கையில் தீவனம் கொடுக்கும் வேலையை ஒருபொழுதும் விடலாகாது.

நெசவாள அங்கத்தினர்க்கு ஒரு சொல். விசைத்தறியானாலும் பாவு ஓட்டும் யந்திரமானாலும், பெல்ட்டும் பல்சக்கரமும் உள்ள இடமெல்லாம் மூன்று நிறுத்தங்கள் பொருந்தும். இழை முடியும் விரல்களே நெசவாளரின் முதலீடு. அவற்றுக்குப் பதில் வாங்க எந்தச் சங்கத்திலும் கடன் கிடைக்காது.

10. விபத்து நேர்ந்துவிட்டால்

ஸ்விட்சை அணைத்து, காயத்தின்மேல் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்த வேண்டும். மஞ்சள் தூள், காப்பித் தூள், சுண்ணாம்பு எதையும் போடக் கூடாது. 108 எண்ணுக்கு ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும். விரல் துண்டாகியிருந்தால் அதை எறிந்துவிடக் கூடாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து உடன் எடுத்துச் செல்ல வேண்டும். ஐஸ்கட்டியின்மேல் விரலை நேராக வைத்தால் அது கெட்டுவிடும். துண்டான உறுப்பை மீண்டும் பொருத்தும் சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் இன்று உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எவ்வளவு விரைவில் சேர்க்கிறோமோ அவ்வளவு நம்பிக்கை. வில்லேற்பு ஜன்னி ஊசியையும் மறக்கலாகாது.

வகுப்பில் கேட்கத்தக்க வினாக்கள்

1. உங்கள் யந்திரம் ஸ்விட்சை அணைத்தபின் எத்தனை விநாடி சுற்றுகிறது?

2. மழுங்கிய கத்தி கூரிய கத்தியைவிட அபாயகரமானது ஏன்?

3. மூன்று நிறுத்தங்கள் யாவை? மின்தடை நேரத்தில் முதலாவது நிறுத்தத்தை ஏன் விடக் கூடாது?

4. கையுறை எப்பொழுது அணிய வேண்டும்? எப்பொழுது அணியக் கூடாது?

5. இரண்டு கத்திகளையும் நிறுத்துப் பார்ப்பது எதற்காக?

6. உங்கள் சங்கத்தில் மாற்றுக் கத்தி எங்கே இருக்கிறது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

கடைசி வினாவிற்கு உடனே விடை சொல்ல முடியாத சங்கங்கள், அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அதையே முதற் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். கத்தி மாற்றும் வேலைக்கு ஒரு காலைப் பொழுது செலவாகலாம். அங்கத்தினர் ஒருவரின் கைக்கு ஈடாக அப்பொழுதைச் செலவிட நம்மில் எவரும் தயங்கமாட்டோம் என்று நம்புகிறோம்.